நிறுவனர் பிஸியாக இருக்கிறார்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வியாபாரிகள் இரண்டு வகை. மஞ்சள் விற்பவர்கள் ஒரு வகை. மஞ்சள் விற்பதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டே இருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை மார்க்கெட்டில் பார்க்கலாம். விரலி மஞ்சளை இரண்டாக ஒடித்து, உள்ளே நிறம் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்துவிட்டு, விலையைச் சொல்லி அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள். நகக்கண் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். இரண்டாம் வகையின் நகக்கண் படு சுத்தம். அவருக்கு ஆன்லைன் தொழில்முனைவோர் என்று பெயர். ‘ஃபவுண்டர்’ என்று கூப்பிட்டால் முகம் மலரும்.

ஃபவுண்டருக்கு முப்பது வயசு இருக்கும். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங், பெங்களூரில் சில வருஷம் ஐ.டி. வேலை. அப்புறம், அப்பா காட்டில் விளைகிற மஞ்சளை அரைத்து உலகத்துக்கே விற்பது என்று முடிவெடுத்து ஊர் திரும்பினார். நல்ல முடிவுதான். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பேரைச் சொன்னாலே போதும், பாதி விற்ற மாதிரி. மஞ்சளை நட்டு வெட்டியெடுக்க ஒன்பது பத்து மாதம் ஆகும். அவர் வெப்சைட்டை நட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் அறுவடைக்கு வரவில்லை. இதற்குள் மூன்று தடவை திறப்புவிழா நடந்தது. மூன்று தடவையும் தீம் மாற்றுவதற்காக மூடப்பட்டது.

“என்ன தம்பி, யாவாரமெல்லாம் எப்படிப் போகுது?” என்று யாராவது கேட்டால், “மூச்சு உட நேரமில்லீங்ணா” என்பார். அதில் பொய் இல்லை. காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுகிறார். அதிகாலையில் எழுபவர்கள்தான் உலகத்தை ஆள்கிறார்கள் என்று படித்திருக்கிறார். அதே வீட்டில் அவருடைய அப்பா, மும்முனை கரண்ட்டு வருகிற நேரம் பார்த்து, மோட்டார் போட மூன்றரைக்கே எழுந்து காட்டுக்குப் போகிறார். அதற்கு ஒரு தத்துவம் இருப்பதும், அதைப் புத்தகமாகப் போட்டால் விற்கும் என்பதும் அவருக்குத் தெரியாது.

ஐந்தே காலுக்கு ஃபவுண்டர் அன்றைய வேலைகளை ஒரு ஆப்பில் எழுதுவார். செய்ய வேண்டியவை சிவப்பு, செய்துகொண்டிருப்பவை நீலம், முடித்தவை பச்சை. சிவப்பிலிருந்து நீலத்துக்குக் கட்டங்கள் மளமளவென்று நகரும். பச்சைக்குப் போன கட்டங்களைத் திறந்து பார்த்தால், ‘இந்த ஆப்பை ஒழுங்குபடுத்துதல்’ என்று இருக்கும்.

அவருக்கு இத்தாலிக்காரர்கள் மேல் தீராத பக்தி. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தை முடுக்கி வைத்து, கொஞ்ச நேரம் படிப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு என்று படித்தார். அதுவே 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற ‘பொமோடோரோ’ முறையானது. சிரில்லோவுக்கு ஒரு தக்காளி போதுமாயிருந்தது. நம் ஃபவுண்டர் நான்கு தக்காளி ஆப்களை இறக்கி, எது சிறந்தது என்று ஒப்பிட்டு, அதை வீடியோவாக எடுத்துப் போட்டார். அன்றைய வேலை நேரம் அதோடு முடிந்தது.

இன்னொரு இத்தாலிக்காரர் பரேட்டோ. பலனில் 80 சதவீதம் முயற்சியில் 20 சதவீதத்திலிருந்தே வருகிறது என்ற விதிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஃபவுண்டர் தன் விற்பனைக் கணக்கை ஸ்பிரெட்ஷீட்டில் ஏற்றி, வண்ண வண்ண வட்டங்கள் போட்டுப் பார்த்தார். விதி அச்சு அசலாகச் சரியாக இருந்தது. வருமானத்தில் 80 சதவீதம் 20 சதவீத வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. மொத்த வாடிக்கையாளர்கள் ஐந்து பேர். அந்த 20 சதவீதம், சித்தோட்டில் இருக்கும் அவருடைய பெரியத்தை.

எந்த வேலையையும் அவர் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. லோகோவில் இருக்கும் மஞ்சள் எந்த மஞ்சள் என்று முடிவு செய்ய மூன்று வாரம் ஆனது. எலுமிச்சை மஞ்சள் இளப்பமாகத் தெரிந்தது, மாம்பழ மஞ்சள் ஜூஸ் கடை போல இருந்தது. கடைசியில் ஒரு மஞ்சளைப் பிடித்து, அதன் கலர் கோடைப் பச்சை குத்திக்கொள்ளாத குறையாக மனப்பாடம் செய்துவிட்டார். அடுத்து டிரேட்மார்க். உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் அதில் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மஞ்சள்தூள் 30-ஆம் வகுப்பு. டீ, காபி, மிளகு எல்லாம் வகுப்புத் தோழர்கள். இத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாலைந்து மூட்டை அரைத்தும் அரைக்காமலும் கொட்டாயில் கிடக்கிறதே, அதில் வண்டு விழ ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்னபோது, “அதையும் போர்டுல ஏத்திடறேன்மா” என்றார். ஏற்றினார். சிவப்பு.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை அரசு தளத்தில் காசில்லாமல் செய்துகொள்ளலாம். ஆதார், பான், வங்கி விவரம் கையில் இருந்தால் ஒரு காலைப்பொழுதுகூட ஆகாது. அவர் அதை ஒரு வாரம் செய்தார். 1955-இல் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் ‘தி எக்கனாமிஸ்ட்’ பத்திரிகையில் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு நேரத்துக்கும் வேலை உப்பிக்கொள்ளும் என்பது அதன் சாரம். வேறு சோலி இல்லாத ஒரு பாட்டியை அதற்கு உதாரணம் காட்டியிருந்தார். உறவுப் பெண்ணுக்கு ஒரு தபால் அட்டை அனுப்பப் பாட்டிக்கு ஒரு முழு நாள் ஆகிறது. கண்ணாடி தேட ஒரு மணி நேரம், முகவரி தேட அரை மணி, தபால்பெட்டி வரை போகக் குடை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இருபது நிமிடம். அந்தப் பாட்டியாவது கடைசியில் அட்டையைத் தபாலில் போட்டுவிட்டார்.

வெப்சைட் திறந்திருந்த நாட்களில், இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் எண்ணிக்கைப் பலகையை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். ‘1’ என்று காட்டும். யாரோ ஒருவர் ஈரோட்டிலிருந்து மிகுந்த ஈடுபாட்டோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறாரே என்று ஒரு முறை புல்லரித்தும் போனார். பிறகுதான் அது தன் லேப்டாப் என்று தெரிந்தது. அம்மாவின் ஃபோனிலும் திறந்தார். ‘2’ ஆனது. 100 சதவீத வளர்ச்சி என்று லிங்க்டுஇன்னில் பதிவு போட்டார். அதற்கு 61 பேர் வாழ்த்துச் சொன்னார்கள். அந்த 61 பேர் வீட்டிலும் சாம்பாருக்கு மஞ்சள்தூள் போடுவார்கள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

வாடிக்கையாளர் வராமலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, “அரை கிலோ என்ன விலைங்க?” என்று கேட்டார். கேட்ட நொடியிலேயே பதில் போனது: “எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி. எங்கள் குழுவினர் விரைவில் உங்களைத் தொடர்பு கொள்வார்கள்.” தானியங்கிப் பதில். குழு என்பது அவர்தான். ஃபோன் அவர் கையில்தான் இருந்தது. தான் இரண்டு நாள் உட்கார்ந்து அமைத்த பதில் பிசகில்லாமல் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினார். விலையைச் சொல்லவில்லை. அந்தப் பெண்மணி மறுநாள் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

பெரியத்தை அப்படி விடுகிற ஆள் இல்லை. நேராக ஃபோனைப் போட்டுவிடுவார்.

“ஏங்கண்ணு, மஞ்சத்தூள் தீந்து போச்சு. ரெண்டு கிலோ யாருகிட்டயாச்சும் குடுத்து உடு சாமி.”

“அத்தை, வெப்சைட்லயே ஆர்டர் போடுங்களேன். ரெண்டு கிலோவைக் கார்ட்டுல சேத்துட்டு அப்புறம் பணம் கட்டோணும், அவ்வளவுதானுங்க.”

“காட்டுல எதுக்குடா சேக்கோணும்? காட்டுல இருந்துதான வெட்டிட்டு வந்தீங்க?”

“அந்தக் காடு இல்லீங்கத்தை…”

“எந்தக் காடோ. ஒறம்பரை ஊட்டுச் சீருக்குப் போயிருந்தேன். நம்ம மஞ்சளைப் பத்திச் சொன்னேன். எட்டுப் பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கிலோ கேட்டிருக்காங்க. நம்பரு எல்லாம் வாங்கி வெச்சிருக்கறேன். எழுதிக்கிறியா?”

வேறு எந்த வியாபாரியும் காதில் தேன் பாய்ந்தது போல் எழுதிக்கொண்டிருப்பார். ஃபவுண்டருக்குச் சுருக்கென்றது. அத்தையை வைத்து வியாபாரம் செய்வது ‘ஸ்கேல்’ ஆகாது. அத்தை ஒருவர்தான். சீர்களும் முகூர்த்த மாதங்களில்தான். ஆகவே அந்த எட்டு நம்பரையும் வாங்கி, ‘எதிர்கால வாய்ப்புகள்’ என்ற தலைப்பில் ஒரு தனி ஷீட் திறந்து, பத்திரமாகப் பூட்டி வைத்தார்.

ஒரு நாள் கூரியர் ஆபீசில் அவரைப் பார்த்தேன். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருகிற எடைக்கும் நிஜ எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் காசு என்று கவுன்டர் பையனுக்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கையில் பார்சல் எதுவும் இல்லை. பக்கத்தில் சென்னிமலைப் பெட்ஷீட் விற்கும் ஓர் அக்கா பழைய அட்டைப்பெட்டிகளில் கட்டிய ஏழு பார்சலோடு நின்றிருந்தார். அவருக்கு வெப்சைட் கிடையாது. ஒரு நீள நோட்டு உண்டு. யார், எந்த ஊர், என்ன கலர், எப்போது வாங்கினார் எல்லாம் அதில். பணம் வீட்டில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிற ஆர்டர் என்றால், அனுப்பும் முன் ஒரு ஃபோன் போட்டு, “ஊட்டுல இருப்பீங்களா, அடையாளம் என்ன, கோயில் பக்கமா?” என்று கேட்டுவிடுவார். அதனால் அவர் பார்சல் திரும்பி வருவது அபூர்வம். போன தீபாவளிக்கு வாங்கியவர்களை இந்தத் தீபாவளிக்கு அவரே கூப்பிடுவார். ஏழு பார்சலையும் கொடுத்து, ரசீதை நோட்டுக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினார். “அக்கா இன்னும் மேனுவலாவே பண்ணிட்டிருக்காங்க” என்று ஃபவுண்டர் என்னிடம் அனுதாபப்பட்டார்.

அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. சோம்பேறிக்கு இதில் கால்வாசிகூட உடம்பு வணங்காது. அவர் செய்கிற வேலைகளில் பாதி தேவையான வேலைகளும்கூட. உணவுப் பொருள் விற்கிறவர் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் போட்டே ஆக வேண்டும். லேபிளும் வேண்டும், கணக்கும் வேண்டும். ஆனால் அவர் நாள் முழுக்கச் செய்கிற வேலைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. அவற்றில் எதுவும் அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லாது. லோகோவுக்கு வாய் கிடையாது. ஸ்பிரெட்ஷீட் பேரம் பேசாது. போன தடவை வாங்கியதில் வாசமே இல்லையே என்று எந்தத் தீமும் குறைப்படாது. முன்பின் தெரியாத பெண்மணியிடம் விலையைச் சொன்னால்தான், “அம்புட்டா?” என்ற கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவர் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் உழைக்கிறார். வியாபாரம் என்பதோ அந்தக் கேள்விக்கு அப்புறம் ஆரம்பிக்கிற சமாசாரம். மஞ்சள் மார்க்கெட்டில் ஒரு விவசாயி, தான் பத்து மாதம் வளர்த்ததை முன்பின் தெரியாத ஒருவர் ஒடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபவுண்டருடைய அப்பா அதை வருஷா வருஷம் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் விதைமஞ்சள் நடுகிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் பாவம் என்று விட்டிருக்கலாம். ஆறு மாதத்துக்கு முன் ஃபவுண்டர் ஒரு புதுத் தொழில் தொடங்கினார். ‘ஆன்லைனில் மசாலா பிராண்ட் தொடங்குவது எப்படி?’ என்று ஞாயிறு காலை வகுப்பு. கட்டணம் 499 ரூபாய். இதற்கு லோகோ இல்லை, வெப்சைட் இல்லை, தக்காளி இல்லை. ஃபோனில் எடுத்த ஒரு படமும் ஒரு கியூஆர் கோடும்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அவரே உடனுக்குடன் பதில் போட்டார். கேட்காதவர்களையும் கூப்பிட்டுப் பேசினார். “ஐநூறா? சாஸ்தி” என்றவர்களிடம் கெஞ்சினார், குறைத்தார், இருவராக வந்தால் ஒருவருக்குப் பாதி என்றார். வேண்டாம் என்றவர்களை அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். மஞ்சளுக்குச் செய்யாத அத்தனையையும் வகுப்புக்குச் செய்தார். இடம் நிரம்பிவிட்டது. அந்த மனிதருக்கு விற்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. அவருக்கு இன்னும் தெரியாது. மார்க்கெட் மாறிவிட்டது என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வகுப்பு நன்றாகவே நடந்ததாம். பரேட்டோ, பார்க்கின்சன், கலர் தேர்வு எல்லாம் முடித்து, “ஏதாவது சந்தேகம்?” என்றாராம். கரூரிலிருந்து ஓர் அம்மா மைக்கைத் திறந்து, “சார், நீங்க சொன்னதைக் கேட்டதுல இருந்து உங்க மஞ்சளை வாங்கிப் பாக்கணும்னு இருக்குதுங்க. எங்க கெடைக்கும்?” என்று கேட்டார். இன்னும் பதினொரு பேர் கை தூக்கினார்கள். ஃபவுண்டர் ஒரு கணம் திகைத்து, “ரொம்ப நல்ல கேள்விங்க. லிங்க் அனுப்பறேன்” என்றார்.

அனுப்பினார். பன்னிரண்டு பேரும் தட்டிப் பார்த்தார்கள். ‘புதுப்பொலிவுடன் விரைவில் வருகிறோம்’ என்று வந்தது. அந்த எழுத்தின் மஞ்சள் மட்டும் அபாரமாக இருந்தது என்று எல்லோருமே சொன்னார்கள்.