வேனோடு வாந்தியெடுக்கச் சில வழிகள்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகெரி வாவியில் படகு. ஹட்டன் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள், திரும்பும்போது ஒருவர் விடாமல் வாந்தியெடுக்க வேண்டுமானால் முதல் நாள் இரவே வேலையைத் தொடங்க வேண்டும்.

கோழி பிரியாணியை ஆக்கி, சூட்டோடு அண்டாவில் அமுக்கி, மூடிக்கு மேல் சாக்குப் போட்டுக் கட்டுங்கள். "நம்ம குளிருக்குச் சோறு கெடுமா?" என்பார் மாமி. இந்தக் காரியத்தில் அவர்தான் நம் ஆள். வெளியே பனி கொட்டினாலும் அண்டாவின் நடுவில் வெதுவெதுப்பு விடியும்வரை நிற்கும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிக்குக் கொண்டாட்டம். சமைத்ததை 2 மணித்தியாலத்துக்கு மேல் அப்படி வைக்கக்கூடாது என்பார்கள். நாம் 12 மணித்தியாலம் வைக்கிறோம், தாராள மனசு.

பார்சல் கட்ட ஆள் பார்த்துப் பிடியுங்கள். கவ்வாத்துக் கத்தி பட்டுச் சீழ் வைத்த விரல்காரர் கிடைத்தால் விடாதீர்கள். அந்தச் சீழிலுள்ள ஸ்டாஃபிலோகொக்கஸ் இறைச்சியில் ஏறி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. மணமும் வராது. ஆகவே மூடியைத் திறந்து மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுக்கும் பெரியப்பாவை மறக்காமல் கூட்டிப் போங்கள்.

ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டி வருகிறவரை மட்டும் நம்பாதீர்கள். "ட்ரிப்புக்கு வந்தும் மலைச் சாப்பாடா?" என்று கேலி பண்ணிப் பாருங்கள். மசியாவிட்டால் இருக்கட்டும், சொப்பிங் பேக் பிடிக்க ஒருவர் வேண்டும்.

பகல் சாப்பிட்டால், 1 முதல் 6 மணித்தியாலத்துக்குள், அநேகமாகத் தலவாக்கலை தாண்டுவதற்குள், முதல் குரல் கேட்கும். உடனே நானுஓயா வளைவுகளையும் ட்ரைவர் தம்பியையும் திட்டுங்கள். பிறகு கண்ணூறு. வயிறு கழுவ ஒரு மடக்கு சாராயம். தண்ணீர் கூடவே கூடாது என்று தடுங்கள்.

யாராவது ஜீவனிப் பக்கற்றை, அதில் எழுதிய அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தால் திட்டம் பாழ். குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளை முந்திக் கவனித்தால், இரத்தமாகப் போகிறது, சிறுநீர் இறங்கவில்லை, ஆள் சோர்ந்து சுருள்கிறார் என்று கண்டதும் 1990 சுவசெரியவை அழைத்தால், அதோடு எல்லாம் போச்சு.

வீடு சேர்ந்ததும் மிச்சத்தை நாய்க்குப் போட்டு அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். பீ.எச்.ஐ. ஐயா உணவு மாதிரி எடுக்க வந்தால், அது பளபளவென்று இருக்கட்டும்.