ஸ்டூல் பிடிக்கப் போய் மணை ஆன கதை

நெய்வேலி மண்ணுக்கடியில் கிடக்கும் பழுப்பு நிலக்கரி ஒருகாலத்தில் மரமாக நின்றதுதான். மரத்தைக் கரியாக்க இயற்கைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. மரத்தைப் பாழாக்க, குவார்ட்டர்ஸ் வராந்தாவில் எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை போதும்.

பலகை, பண்ருட்டிப் பலா. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த மரம். தஞ்சாவூரில் வீணை செய்கிற ஜாதி. என் கையில் சிக்கியது அதன் விதி. இத்தனை வருஷம் பரணில் கிடந்து காய்ந்துவிட்டதால், ‘மரத்தில் ஈரம் இருந்தது’ என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் வாங்கிய காசுக்கு நல்ல கட்டிலே வாங்கியிருக்கலாம். (வீட்டில் இந்தக் கணக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.)

செய்ய நினைத்தது ஸ்டூல். ஒரு கால் உயரமாகத் தெரிந்தது, அறுத்தேன். உடனே மற்ற மூன்றும் உயர்ந்துவிட்டன, அவற்றையும் அறுத்தேன். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது, நாலு காலும் சாண் உயரத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்த தச்சர் எட்டிப் பார்த்தார். “சார், அறுக்கறதுக்கு முன்னாடி தரை மட்டமா இருக்கான்னு பாத்தீங்களா?”

பார்க்கவில்லை.

“மணை நல்லா வந்திருக்கே!” என்றாள் மனைவி. மணைதான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அதில் உட்கார்ந்துதான் தேங்காய் துருவுகிறேன். லேசாக ஆடுகிறது.