பையன் சாப்பிட மாட்டேங்கிறான்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை விடியற்காலையில் சுற்றி வருபவர்களில் பலர் சர்க்கரையைக் குறைக்க நடக்கிறார்கள். சிலர் தொப்பையைக் குறைக்க நடக்கிறார்கள். ஒருவர் மட்டும் நாய்க்குப் பசியைக் கிளப்ப நடக்கிறார். 1645-இல் குளத்தை வெட்டிய திருமலை நாயக்கர் எதிர்பார்த்திருக்க முடியாத பயன் இது.

“நல்லா இருக்கீங்களாண்ணே?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அண்ணன் நின்றுவிடுவார். “நான் நல்லாத்தேன் இருக்கேன் தம்பி. பையன்தான் ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்கிறான்.” புதிதாய்ப் பழகியவர், பையன் பிளஸ் டூ படிக்கிறானோ என்று விசாரிப்பார். பழையவர் குனிந்து சங்கிலியின் மறுமுனையைப் பார்ப்பார். இரண்டு நாள் பட்டினி கிடந்த அந்த லாப்ரடாரின் முதுகில் தாம்பாளம் வைத்துத் தாம்பூலம் மாற்றலாம். ஒரு வெற்றிலைகூடச் சரியாது.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். நாயை அல்ல, அண்ணனைச் சொல்கிறோம். ஓய்வு பெற்றவர். சொந்தப் பிள்ளை பெங்களூரில். அந்தப் பிள்ளை சின்ன வயதில் தட்டில் மிச்சம் வைத்தபோது முதுகில் இரண்டு வைத்த மனுஷன், இன்று சில்வர் வட்டிலுக்கு முன்னால் சம்மணம் போட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி, “என் ராஜால்ல, ஒரே ஒரு வாய்” என்று கெஞ்சுகிறார். ராஜா மூஞ்சியை அங்கிட்டுத் திருப்பிக்கொள்கிறது.

அதோடு விட மாட்டார். கடையில் வாங்கிய நாய்த்தீனியை வைத்துப் பார்க்கிறார். சீந்தவில்லை. அதன்மேல் கொஞ்சம் தயிர் விடுகிறார். மோந்து பார்த்துவிட்டு நாய் நகர்ந்துவிடுகிறது. கோழி ஈரல் வெந்து வருகிறது. ஈரல் மட்டும் மாயமாக மறைய, தீனி ஒவ்வொன்றும் நக்கித் துடைத்த பளபளப்போடு வட்டிலிலேயே கிடக்கிறது. ராத்திரி பரோட்டாக் கடையில் நிற்கிறார் அண்ணன். “தம்பி, ஒரு ஆம்லெட். காரம் வேணாம், வெங்காயம் வேணவே வேணாம். பையனுக்கு ஆகாது.” இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது முழு உண்மை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும்கூட விஷம்தான்.

நாய்க்கு இதில் கிடைத்த பாடம் எளிது. மறுத்தால் தயிர். மறுபடி மறுத்தால் ஈரல். பிடிவாதமாக இருந்தால் ஆம்லெட். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு வாங்கிய ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், சாப்பாடு கொண்டுவரும் ஆளைக் கண்டாலே நாய்க்கு வாயூறுவதைக் கண்டவர். வண்டியூரில் அந்தச் சோதனை தலைகீழாக நடக்கிறது. நாய் மூஞ்சியைத் திருப்பினால் மனுஷன் கை தானாக ஃப்ரிட்ஜைத் திறக்கிறது.

சரி, நிஜமாகவே அது பட்டினியா? வீட்டுக் கணக்கை எடுத்துப் பார்க்கலாம். காலை டீயோடு அண்ணன் போடும் பிஸ்கட், “அதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?” என்ற நியாயத்தில் கணக்கிலேயே வராது. கல்லில் ஒட்டிப் பிய்ந்து வரும் முதல் தோசை, அண்ணி கையால் நேரே அதன் வாய்க்கு. மாடியில் குடியிருப்பவர்கள் பங்குக்குச் சப்பாத்தி. பேரன் லீவுக்கு வந்தால் பிஸ்கட் பாக்கெட்டே பிரிகிறது. எதிர்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் காம்பவுண்டுக்கு மேலே கோழி எலும்பு வீசுகிறார். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. சாயங்காலம் எல்லோரும் வாசலில் கூடி, “பாவம், பச்சத்தண்ணி பல்லுல படல” என்று உச்சுக்கொட்டுகிறார்கள்.

முப்பது கிலோ எடையுள்ள வளர்ந்த லாப்ரடாருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,400 கலோரி வேண்டும். குளுக்கோஸ் பிஸ்கட் 100 கிராமில் சுமார் 450 கலோரி இருக்கிறது. ஐம்பது கிராம் பாக்கெட் இரண்டு, நெய் தடவிய தோசை ஒன்று, சப்பாத்தி ஒன்று என்றாலே பாதி நாள் சாப்பாடு முடிந்தது. அடுத்த தெருப் பொமரேனியன் ஐந்து கிலோதான் இருக்கும். அதற்கு நாளெல்லாம் சேர்த்தே 370 கலோரி போதும். ஒற்றைப் பாக்கெட் பிஸ்கட்டிலேயே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். இந்த மாதிரி நொறுக்குத் தீனியெல்லாம் அன்றாடக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு.

அதிலும் லாப்ரடார். நான்கில் ஒரு லாப்ரடாருக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாக 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அப்பேர்ப்பட்ட சாப்பாட்டுராமனையே வட்டிலை வேண்டாமென்று சொல்ல வைத்திருக்கிறார் அண்ணன்.

தெருவில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. “கண்ணு பட்டிருக்கு, மிளகா சுத்திப் போடுங்க” என்பார் ஒரு பாட்டி. “வயித்துல பூச்சி” என்பார் பால்காரர்; அது உண்மையாகவும் இருக்கலாம். “வெயிலு” என்பார் இன்னொருவர். அதுவும் சரிதான். அழகர் வண்டியூருக்கு வந்து தங்கும் சித்திரை மாத வெக்கையில் நாய்க்குப் பசி குறைவது இயல்பு. விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் வைத்தால் தின்னும். சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவருக்கு வேறு கவலை: “விலா எலும்பு தெரியுதே!” வேட்டைக்கு ஓடப் பிறந்த ஜாதிக்கு அது தெரியத்தான் வேண்டும்.

கடைசியில் டாக்டரிடம் போகிறார்கள். அவர் காய்ச்சல் பார்க்கிறார், ஈறின் நிறம் பார்க்கிறார், இரு பக்கமும் விலாவைத் தடவித் தேடுகிறார். “எலும்பு எங்க சார் இருக்கு?” பிறகு வைத்தியம் சொல்கிறார். வட்டிலை வையுங்கள், இருபது நிமிஷம் பாருங்கள், தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை யாரும் எதுவும் போடக் கூடாது. வெதுவெதுப்பாக வைத்தால் வாசனை கிளம்பும். நாய் நாக்கைவிட மூக்கால்தான் அதிகம் சாப்பிடுகிறது. அவ்வளவுதான். “ஒரு டானிக்காவது எழுதுங்க சார்” என்று அண்ணன் ஏமாற்றத்தோடு எழுந்திருக்கிறார்.

அன்றைக்கே சட்டம் அமலாகிறது. ராத்திரி வட்டில் வைத்தாயிற்று, நாய் மோந்து பார்க்கவில்லை, இருபதாவது நிமிஷம் வட்டிலை எடுத்தாயிற்று. நடுச்சாமத்தில் அண்ணன் வேட்டி மடியில் இரண்டு பிஸ்கட்டோடு அடுப்படிக்குள் நுழைந்தால், அங்கே ஏற்கெனவே பால் கிண்ணத்தோடு அண்ணி. நடுவில் வாலை ஆட்டிக்கொண்டு பையன்.

“தண்ணி குடிக்க வந்தேன்” என்றார் அண்ணன்.

“நானுந்தேன்” என்றார் அண்ணி.

இதில் சிரிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. வளர்ந்த, ஓடியாடுகிற நாய் ஒரு நாள் தின்னாவிட்டால் குடி முழுகாது. ஆனால் சோற்றோடு பிஸ்கட்டையும் வேண்டாமென்கிற நாய், சுருண்டு படுக்கிற நாய், வாந்தியோ பேதியோ எடுக்கிற நாய், தண்ணீர் குடிக்காத நாய், ஈறு வெளுத்த நாய் நிஜ நோயாளி. நம் ஊரில் சாதாரணமாக வரும் உண்ணிக் காய்ச்சல் பசியின்மையோடுதான் தொடங்கும். குட்டி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மற்றபடி, அளவாகத் தின்பதில் நாய்க்கு நஷ்டமில்லை. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து அமெரிக்காவில் 14 ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஜோடியைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அண்ணனிடம் இதைச் சொன்னால், “அதுகளுக்குக் கேக்க ஆள் இல்ல தம்பி” என்பார்.

ஆகவே இப்படியொரு வீட்டுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போக வேண்டாம். பழம் போதும், திராட்சை தவிர.