அகத்தங்கலும் புறத்தங்கலும்: ஆர்லாண்டோ விடுதிகள் குறித்து ஒரு தோள் ஆய்வு

டிஸ்னி வேர்ல்டுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் நாலு நிமிடம் ஆயிற்று. அங்கே எங்கே தங்குவது என்று முடிவு செய்ய ஐந்து வாரம் ஆயிற்று. பொருளின் ஆழத்துக்கு இந்த விகிதமே சான்று. பூங்கா வளாகத்துக்குள் கட்டியிருக்கும் விடுதியில் அறை எடுப்பதா, வெளியே தங்கி வண்டியில் வந்துபோவதா என்னும் வினாவில் அட்லாண்டா வட்டாரத் தமிழரிடையே இரண்டு மரபுகள் உண்டு. உள்ளே தங்கி வந்தவர், "லீவுன்னா லீவு மாதிரி இருக்கணுங்க" என்பார். வெளியே தங்கி வந்தவர், "ராத்திரி தூங்கத்தானே போறோம், அதுக்கு எதுக்கு அவ்வளவு?" என்பார். ஒருவர் தங்கிய இடத்தில் மற்றவர் தங்கியதே கிடையாது என்பதால் வாதம் எந்தக் கலப்படமும் இல்லாமல் நடந்து வருகிறது.

இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க எழுந்தது. ஒரே பயணத்தில் நாலு இரவு வெளியே, மூன்று இரவு உள்ளே தங்கி, ஒரே குழந்தையை இரண்டு இடத்திலும் தூங்கவைத்துத் தரவு திரட்டினோம். ஆய்வுக் குழுவில் நான், மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், ஆறு மாதத்துக்கு ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியார் ஆகியோர். மாமனார் பாளையங்கோட்டைப் பக்கம் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரலாற்றுப் பகுதிக்கு அவரே வழிகாட்டி.

முதலில் மூலம். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது 'உள்ளே தங்குதல்' என்ற கருத்தே பிறக்கவில்லை. வால்ட் டிஸ்னிக்குப் பூங்காவைக் கட்டி முடிக்கவே பணம் போதவில்லை. விடுதி கட்டும் பொறுப்பை ஜாக் ரேதர் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஏற்றார். 'டிஸ்னிலேண்ட் ஹோட்டல்' என்ற பெயர் மட்டும் டிஸ்னியுடையது, கட்டடம் ரேதருடையது. டிஸ்னி நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது 1988இல்தான். அதற்குள் பூங்காவைச் சுற்றி, கோயில் வாசலில் தேங்காய்க் கடை முளைப்பதுபோல மோட்டல்கள் முளைத்துவிட்டன. கூட்டம் சேர்ப்பவர் ஒருவர், அறை வாடகை வாங்குபவர் வேறொருவர் என்ற நிலை வால்ட் டிஸ்னிக்குக் கடைசிவரை உறுத்தியது.

ஆகவே ஃப்ளோரிடாவில் அவர் முந்திக்கொண்டார். யார் வாங்குகிறார்கள் என்றே தெரியாதபடி பல பொம்மைக் கம்பெனிகளின் பெயரில், ஆர்லாண்டோ பக்கம் சதுப்பும் புதருமாகக் கிடந்த நிலத்தில் 27,000 ஏக்கருக்கு மேல் வளைத்தார். சராசரி விலை ஏக்கருக்கு 200 டாலருக்கும் கீழே. 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை விஷயத்தைப் போட்டு உடைத்தது, விலை ஏறியது. இதை, பூங்காவுக்கு ஃபெர்ரியில் போகும்போது மாமனாரிடம் சொன்னேன். "அப்போ பினாமிங்கிறீங்க" என்றார். ஆமாம் என்றேன். "ஒரே ஏரியாவுல இத்தனை கிரயம் வரிசையா பதிவாகுதுன்னா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எவனும் வாயைத் திறக்கலையா, மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, எதிரே தெரிந்த சிண்ட்ரெல்லா கோட்டையைத் தொழில்முறை மரியாதையோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் அதன் உயரத்தை வியந்தார்கள். அவர் வில்லங்கம் இல்லாததை வியந்தார். 1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தபோது கண்டெம்பரரி, பாலினீசியன் என்று இரண்டு விடுதிகள் வளாகத்துக்குள்ளேயே தயாராக நின்றன. வால்ட் டிஸ்னி அதைப் பார்க்க இல்லை, 1966இலேயே இறந்துபோனார். ஆனால் ஃப்ளோரிடாவில் அகம் தோன்றிய நாள் அதுவே.

இனி வகைப்பாடு. அகம், புறம் என இரண்டு போதும் என்பது தொடக்கநிலை மாணவர் கருத்து. நம் பிற்கால இலக்கணிகள் இவற்றோடு அகப்புறம், புறப்புறம் என்று இரண்டைக் கூட்டினார்கள். ஏன் கூட்டினார்கள் என்பது ஆர்லாண்டோவுக்கு வந்தால்தான் விளங்கும்.

அகம் என்பது கண்டெம்பரரி போன்றது. மோனோரயில் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போகிறது, மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிட நடை. எதிரே ஏரி இருப்பதால் திணை நெய்தல், உரிப்பொருள் இரங்கல். அந்த இரங்கல் கிரெடிட் கார்டு பில் வரும் நாளில் நிகழும். அகப்புறம் என்பது ஆல்-ஸ்டார், பாப் செஞ்சுரி போன்ற மலிவு வகை. நிலம் டிஸ்னியுடையது, சோப்பில் மிக்கி முகம் உண்டு, ஆனால் எந்தப் பூங்காவுக்கும் பஸ்ஸிலோ கம்பிவடப் பெட்டியிலோதான் போகவேண்டும். ஆல்-ஸ்டாரின் சாதாரண அறை 260 சதுர அடி, நாலு பேர் கணக்கு. எங்கள் ஆறு பேருக்கு இரண்டு அறை. அகப்புறத்தில் கைக்கிளை அடங்கும் என்பது மரபு, அதாவது ஒருதலைக் காதல். இரண்டு அறை எடுத்தவனுக்கு இதற்கு உரை தேவையில்லை. புறம் என்பது கிஸ்ஸிமியின் 192ஆம் நெடுஞ்சாலை, இன்டர்நேஷனல் டிரைவ் ஓட்டல்கள். புறப்புறம் டேவன்போர்ட் பக்கத்து வாடகை வீடுகள்: நாலு படுக்கையறை, மூன்று குளியலறை, கொசு வராமல் வலைக்கூண்டு போட்ட நீச்சல்குளம், முழுச் சமையலறை.

இதில் ஒரு பாடச் சிக்கல் உண்டு. ஸ்வான், டால்ஃபின் என்ற இரட்டை விடுதிகள் டிஸ்னி நிலத்தின் நடுவில், எப்காட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் நிற்கின்றன. உச்சியில் ராட்சத அன்னமும் மீனும் உட்கார்ந்திருக்கும். ஆனால் நடத்துவது மேரியட். உள்ளே தங்குவோருக்கான முன்நுழைவுச் சலுகையும் உண்டு, வெளி ஓட்டல்களைப் போல ரிசார்ட் கட்டணமும் பார்க்கிங் கட்டணமும் உண்டு. இது அகத்தில் புகுந்த புறமா, புறம் விழுங்கிய அகமா என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேற்றுமை உள்ளது. அங்கே தங்காததால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அகத்தார் அடுக்கும் பயன்களை ஒருமுறை சலித்துப் பார்க்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து இலவச பஸ் உண்டு என்பார்கள். அது 2005இல் தொடங்கி 2021 முடிவில் நின்றுபோனது. இறந்துபட்ட நூல்களிலிருந்து மேற்கோள் காட்டும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதல்ல. வரிசையைத் தாண்டும் லைட்னிங் லேனை, 2024 ஜூலை மாற்றத்துக்குப் பின், உள்ளே தங்குவோர் ஏழு நாள் முன்பே பதிவு செய்யலாம், வெளியார் மூன்று நாள் முன்புதான். உண்மை. ஆனால் இருவரும் காசு கட்டத்தான் வேண்டும், அகத்தார் நாலு நாள் முந்திக் கட்டுகிறார்கள். பார்க்கிங் மட்டும் மறுக்க முடியாத லாபம். உள்ளே தங்குவோருக்கு இலவசம், நாங்கள் வெளியே தங்கிய நாட்களில் தினம் 30 டாலர்.

அவர்கள் பெரிதாகச் சொல்வது, பூங்கா திறப்பதற்கு முப்பது நிமிடம் முன்பே உள்ளே விடுகிற சலுகையை. இதை மூன்று காலையும் சோதித்தோம். ஓர் அறைக்கு ஒரு குளியலறை. மாமியார் குளித்துச் சாமி கும்பிடாமல் காபி குடிக்கமாட்டார், காபி குடிக்காமல் கிளம்பமாட்டார். மகளுக்கு இரட்டைச் சடை. அந்த முப்பது நிமிடத்தை அடைய நாங்கள் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் ஆறே முக்காலுக்கு எழுந்தோம். இரண்டாம் நாளும் ஆறே முக்கால். மூன்றாம் நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று குளியலறை உள்ள டேவன்போர்ட் வீட்டிலிருந்து, சலுகை எதுவும் இல்லாமல், நாங்கள் இதைவிட முன்னதாகப் பூங்கா வாசலுக்கு வந்திருக்கிறோம்.

புறத்தாரின் தலையாய சான்று சோறு. டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போனதால் டிக்கியில் குக்கர் இருந்தது. புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் பாதுகாப்புச் சோதனை மேசையில் திறந்து காட்டப்பட்டு, மூடி போடப்பட்டு, ஃபேன்டசிலேண்டின் மர நிழலில் உண்ணப்பட்டன. பக்கத்து பெஞ்சில் ஒரு குடும்பம் வான்கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் எங்கள் டப்பாவைப் பார்த்த பார்வையை நான் தரவாகச் சேர்க்கவில்லை. அகப்புறத்து அறையில் அடுப்பு இல்லை. அந்த மூன்று நாளும் மாமனார் பொரித்த உருளைக்கிழங்கைக் கெட்சப்பில் தொட்டுச் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. குறை சொல்லாததுதான் சங்கடமாக இருந்தது.

ஆனால் சோறும் குளியலும் துணைச் சான்றுகளே. இந்தத் துறையில் இதுவரை நடந்த பெரும்பிழை, தூரத்தைக் காலையில் அளந்ததுதான். காலையில் எல்லாரும் நடப்பார்கள். அளக்கவேண்டியது இரவில், பூங்கா வாசலிலிருந்து மெத்தை வரை, குழந்தை தூங்கிய பிறகு. இதற்கு மைல் உதவாது. ஆகவே 'தோள்' என்ற அலகை முன்மொழிகிறேன். தூங்கிவிட்ட நாலு வயதுப் பிள்ளையை இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாற்றாமல் ஒருவர் சுமக்கக்கூடிய அளவே ஒரு தோள். வரிசையில் நிற்பதும் கணக்கில் சேரும். கார் சீட்டில் கிடந்தால் சேராது.

மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை முடிந்த இரவு. கார் நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. செயற்கையாக வெட்டிய ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. ஃபெர்ரிக்கு வரிசை, ஃபெர்ரி, இறங்கினால் டிராம். ஃபெர்ரியில் ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டாம், அதுவரை பையன் அதிலேயே தூங்கினான். டிராமில் ஏற மடிக்கவேண்டும். மடித்த கணத்தில் அவன் என் தோளுக்கு வந்தான். அங்கே பார்க்கிங் பகுதிகளுக்குக் கதாபாத்திரங்களின் பெயர். எங்களுடையது ஜாஃபர் என்பது எல்லாருக்கும் நினைவிருந்தது, வரிசை எண் ஒருவருக்கும் நினைவில்லை. இடத்தோள் முடிந்து வலத்தோளும் முடிந்து, மனைவி கைநீட்டியபோது, மாமனார் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். காலையில் இறங்கியபோதே குறித்து வைத்திருக்கிறார்: ஊர், தேதி, சர்வே எண் என்று போட்டு அதன் எதிரே வரிசை எண். பிறகு காரில் அரை மணி, அது கணக்கில் இல்லை. வீட்டில் மாடிப்படி. மொத்தம் நாலு தோள்.

உள்ளே தங்கிய பிறகு இன்னோர் இரவு, அதே பூங்கா. ஆல்-ஸ்டார் பஸ் ஏரியைக் கடக்காமல் பூங்கா வாசல் அருகிலிருந்தே கிளம்புகிறது. இது அகப்புறத்தின் பெருஞ்சிறப்பு. பஸ்ஸிலும் ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும். வரிசையில் ஒரு தோள், பஸ்ஸில் மடி, இறங்கி மாடி உயரக் கௌபாய் பூட்ஸைச் சுற்றி எங்கள் பிளாக் வரை ஒன்றரை. ஆக இரண்டரை.

மற்ற மூன்று பூங்காக்களில் முடிவு தலைகீழ். எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகியவற்றில் பார்க்கிங் வாசலுக்கு எதிரிலேயே. காருக்கு ஒன்று, மாடிப்படிக்கு அரை. பஸ் கணக்கு அதே இரண்டரை.

ஷட்டில் பற்றி ஒரு சொல். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது புறத்தில் ஓர் ஓட்டலில் 'இலவச ஷட்டில்' என்ற வரியை நம்பி அறை எடுத்தோம். காலை எட்டரைக்கு ஒன்று போகும், இரவு ஒன்பதுக்கு ஒன்று வரும், நடுவில் ஓட்டுநருக்கு நேரம் வாய்த்தால் வரும். அந்தப் பயணத்தின் தோள் கணக்கைக் கேட்க வேண்டாம். டாம்பாவில் உறவினர் வீட்டில் தங்கிப் போகலாமே என்பாரும் உளர். வாடகை இல்லைதான். ஆனால் அவர்களையும் பூங்காவுக்கு அழைக்காமல் கிளம்ப முடியாது, அழைத்தால் டிக்கெட் யார் எடுப்பது என்ற வினா எழும். அது வேறோர் ஆய்வு.

ஆக, மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை பார்க்கும் இரவுகளை மட்டும் பயணத்தின் கடைசியில் வைத்து, அவற்றுக்கு உள்ளே அறை எடுங்கள். மற்ற இரவுகளுக்கு வெளியே வீடு, சமையலறையோடு. நடுவில் பெட்டி கட்டவேண்டியிருக்கும் என்று மனைவி ஆட்சேபித்தார். பெட்டி தூங்காது என்று பதில் சொன்னேன்.

ஒரு திருத்தம். மேலே கண்ட அளவுகள் பையன் 16 கிலோ இருந்தபோது எடுத்தவை. போன வாரம் நிறுத்துப் பார்த்தோம், 23 கிலோ. இதைக் கொண்டு திட்டமிடுவோர் தங்கள் வீட்டுப் பிள்ளையை முதலில் எடை பார்த்துக்கொள்ளவும்.