லாட்ஜ் மாமாவுக்கு டல்லாஸிலிருந்து

டல்லாஸ், டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,



குடும்ப வாட்ஸப் குழுவில் நான் போட்ட லாஸ் வேகாஸ் படங்களைப் பார்த்து மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நீங்கள் மட்டும் தனியாக ஓர் ஆடியோ அனுப்பியிருந்தீர்கள். "ராத்திரிக்கு என்ன வாடகை? கடன் வாங்கினாயா? உன் அம்மாவிடம் சொல்லமாட்டேன், என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்." கும்பகோணத்தில் இத்தனை காலம் லாட்ஜ் நடத்துகிறவரிடம் மழுப்ப முடியுமா? போனில் சொன்னால் வரிக்கு வரி குறுக்கே விழுந்து கணக்குக் கேட்பீர்கள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கட்டடத்துக்குள்ளேயே வாய்க்கால் வெட்டி, கூரையில் நீல வானம் தீட்டி, படகு விடுகிறார்களே, அங்கே நாங்கள் தங்கவில்லை. அது வெனிஷியன், 1999ல் திறந்தது. உள்ளே சுற்றிப் பார்க்கக் காசு இல்லை என்பதால் போனோம். தங்கியது வேறொரு ஹோட்டல். அதுவும் லேசுப்பட்டதில்லை. உங்கள் லாட்ஜின் டபுள் ரூம் ஒன்றை அதன் குளியலறைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தலாம். அதற்கு நான் கொடுத்த வாடகை சைபர்.

திருடவில்லை மாமா, பாயிண்ட். புதுக் கிரெடிட் கார்டு வாங்கினால், "முதல் மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் டாலர் செலவு செய், இத்தனை ஆயிரம் பாயிண்ட் தருகிறேன்" என்று பேங்க் ஆசை காட்டும். அந்தப் பாயிண்டை ஹோட்டல் கம்பெனியிடம் கொடுத்தால் அறை. இதனால் நம் ஆட்களின் குணமே மாறிப்போய்விட்டது. இங்கே பொங்கல் விழாவுக்கு நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லும்போது, "பில்லை என் கார்டில் போட்டுக்கொள்கிறேன், அப்புறம் எனக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் பாய்ந்து முன்னால் வருவார். தாராள மனசு என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். அவருக்கு மூன்று மாதக் கெடு முடியப்போகிறது.

"பேங்க் ஏன் சும்மா தருகிறது?" என்பீர்கள். சும்மா இல்லை. கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் நூற்றுக்கு இரண்டு, மூன்று டாலர் விட்டுக்கொடுக்கிறார். அவர் அதை எல்லார் விலையிலும் ஏற்றிவிடுகிறார், ரொக்கம் கொடுக்கிற ஏழையின் விலையிலும் சேர்த்து. அது போதாதென்று, பில்லை முழுதாகக் கட்ட முடியாதவர்களிடம் வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. ஆகக்கூடி, என் வேகாஸ் மெத்தைக்குக் காசு கட்டியது யாரோ ஒரு கடன்காரர். அதை நினைத்தால் தூக்கம் வரக்கூடாது. மெத்தை நன்றாக இருந்ததால் வந்துவிட்டது.

இந்தப் பாயிண்ட் பைத்தியம் அரசாங்கத்தையே படாத பாடு படுத்தியிருக்கிறது. ஒரு டாலர் நாணயம் மக்களிடம் புழங்கவேண்டும் என்று 2008ல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு திட்டம் போட்டது. முகமதிப்புக்கே நாணயம், வீட்டு வாசலுக்கு வரும், அனுப்பும் கூலி இல்லை, கார்டில் வாங்கலாம். நம்மைப் போன்றவர்கள் விடுவார்களா? ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கினார்கள். வந்த பெட்டியைப் பிரிக்காமல் பேங்குக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தப் பணத்திலேயே கார்டு பில்லைக் கட்டினார்கள். நாணயம் ஒரு ரவுண்டு அடித்துவிட்டுப் பேங்குக்கே திரும்பியது, இவர்கள் கையில் பாயிண்ட் மட்டும் தங்கியது. 2011ல்தான் நாணயச்சாலை விழித்துக்கொண்டு, இனி கார்டு செல்லாது என்றது. சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. மூளையை இப்படிச் செலவழிக்கிறார்களே என்று எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது, அந்தச் சமயத்தில் நான் இங்கே இல்லாமல் போனேனே என்றுதான் வருத்தம்.

கம்பெனி செலவில் ஊர் ஊராகப் போகிறவர்கள் தனிச் சாதி. தூங்கும் ராத்திரிகளை எண்ணி ஹோட்டல்காரர்கள் அவர்களுக்கு கோல்டு, பிளாட்டினம், டயமண்ட் என்று பட்டம் கொடுக்கிறார்கள். பட்டம் இருந்தால் பெரிய அறை, இலவசக் காலைச் சாப்பாடு, வரவேற்பில் தனி வரிசை. டிசம்பர் கடைசியில் பட்டத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி குறைந்தால், வீட்டுக்குப் பக்கத்தில், இருப்பதிலேயே மலிவான ஹோட்டலில் அறை போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்கு மேட்ரஸ் ரன் என்று பெயர். உங்கள் தொழிலில் இப்படிப்பட்ட கஸ்டமர் கிடைத்தால் கோயில் கட்டியிருப்பீர்கள்: வாடகை வருகிறது, போர்வை துவைக்கவேண்டியதில்லை.

"ஹோட்டல் முதலாளிக்கு இதில் என்ன வரும்?" என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். வாசலில் ஹில்டன், மாரியட் என்று போர்டு இருந்தாலும், கட்டடம் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. போர்டு அவர்களுடையது, கடன் வேறொருவருடையது. இந்த நாட்டு ஹோட்டல்களில் பாதிக்கு மேல் நம் இந்தியாக்காரர்கள் கையில் இருக்கிறது, அதிலும் குஜராத்தி படேல்கள்தான் அதிகம். பாயிண்டில் ஒருவன் வந்து படுத்தால், காலியாகக் கிடந்திருக்கும் அறைக்குத் தலைமைக் கம்பெனி ஏதோ கொஞ்சம் கொடுக்கும். ஹோட்டல் ஏறக்குறைய நிரம்பியிருக்கும் நாளென்றால் கூடக் கொடுக்கும். சில நாட்களில் கடைசி இரண்டு அறைகள் ஏன் அவ்வளவு சீக்கிரம் போகின்றன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஹில்டன் என்றதும் நினைவு வருகிறது. அந்தக் கம்பெனியை ஆரம்பித்த கான்ராட் ஹில்டன் ஹோட்டல் தொழில் தொடங்கிய சிஸ்கோ என்ற ஊர் எங்களுக்கு மேற்கே, காரில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. 1919ல் அவர் அங்கே பேங்க் வாங்க வந்தார். பேசிய விலை 75,000 டாலர். விற்கிறவர் கடைசி நேரத்தில் 80,000 என்றார். கோபத்தோடு படுக்க இடம் தேடி எதிரே இருந்த மோப்லி ஹோட்டலுக்குப் போனால் கூட்டம் முட்டுகிறது. எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் என்று கட்டிலை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே கட்டிலுக்கு நாளைக்கு மூன்று வாடகை! பேங்காவது ஒன்றாவது என்று அந்த ஹோட்டலையே 40,000 டாலருக்கு வாங்கிவிட்டார். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. பல இடங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் அறை தரமாட்டார்கள், காலை பதினொன்றுக்குக் கிளம்பிவிடவேண்டும். உங்கள் இருபத்துநாலு மணி நேர வாடகையைச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

இன்னொரு விநோதம், நட்சத்திரம் கூடக்கூட இலவசம் குறையும். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் கார் நிறுத்தக் காசில்லை, காபி உண்டு, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் உண்டு. காலையில் நாமே வார்த்துக்கொள்ளும் வாஃபிள் உண்டு. எங்கள் மாநிலத்தில் அது டெக்சாஸ் வரைபடத்தின் வடிவத்தில் வரும். பளிங்குத்தரை ஹோட்டலிலோ காரை வாங்கி நிறுத்துவதற்கே ஒரு நாள் சம்பளம் கேட்பார்கள், மேஜைமேல் தண்ணீர் பாட்டிலுக்கு விலைச்சீட்டு தொங்கும். வேகாஸில் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று, ராத்திரிக்கு ஐம்பது டாலர்போல. நீச்சல்குளம், இணையம், டெலிபோன் எல்லாவற்றுக்கும் சேர்த்து, நீங்கள் குளித்தாலும் குளிக்காவிட்டாலும். முன்பு வாடகையை மட்டும் பெரிதாகக் காட்டி, இதைக் கடைசியில் சேர்ப்பார்கள். 2025 மே மாதம் முதல், மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்று அரசு விதி வந்துவிட்டது. காட்டுகிறார்கள். குறைக்கவில்லை. 2028 மகாமகத்துக்கு நீங்களும் "தீர்த்தக் கட்டணம்" என்று ஒன்று ஆரம்பிக்கலாம், குளத்தைப் பார்த்தபடி ஜன்னல் இருக்கிறதே.

எந்த ஊரில், எந்த நாள் என்பதும் முக்கியம். வேகாஸில் சனிக்கிழமை விலை ஏறும், செவ்வாய்க்கிழமை இறங்கும். அலுவலகங்கள் நிறைந்த டல்லாஸ் நகர மையத்தில் நேர் எதிர்: கோட்டுப்போட்டவர்கள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அந்த ஹோட்டல்கள் நம் விலைக்கு வந்துவிடும். அறையை மூன்று மாதம் முன்பே போட்டு வைக்கிறோம், ரத்து செய்யக் காசு பிடிக்காத வகையாகப் பார்த்து. விலை இறங்கினால் பழையதை ரத்துசெய்துவிட்டு மறுபடி போடுகிறோம். வேகாஸில் இன்னொரு வழி, வரவேற்பில் அடையாள அட்டைக்கும் கார்டுக்கும் நடுவே இருபது டாலர் நோட்டைச் செருகி நீட்டி, "நல்ல அறை ஏதாவது இருக்கிறதா?" என்று சிரிப்பது. என் நண்பர் ஒருவர் செய்து, தண்ணீர் நடனம் தெரிகிற அறை வாங்கினார். லஞ்சம் என்று எழுதாதீர்கள், இங்கே அதற்கு டிப்ஸ் என்று பேர்.

கடைசியில் நம் குடும்பங்கள் தேர்ந்தெடுப்பது என்னவோ அடுப்புள்ள அறையைத்தான். கரண்ட் குக்கர், ஊறுகாய், தயிர் டப்பா எல்லாம் காரில் வரும். தாளிக்க மட்டும் கூடாது. கடுகு வெடித்தால் புகை அலாரம் அலறி, தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

நீங்களும் அத்தையும் அக்டோபரில் வருவதற்கு அப்படி ஓர் அறைதான் பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே பல ஹோட்டல்களில் மூத்தோர் சலுகை உண்டு. நான் பார்த்த இடத்தில் 62 வயது ஆகியிருக்கவேண்டும். உங்களுக்கு நிஜத்தில் அறுபதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஹெட்மாஸ்டர் இரண்டு வயது கூட்டிப் போட்டாரே, பாஸ்போர்ட்டிலும் அதுதானே இருக்கிறது? எல்.ஐ.சி. பிரீமியம் ஏறிப்போச்சு என்று அந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருப்பீர்கள்! பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து உடனே அனுப்புங்கள். அத்தையுடையதையும் பாருங்கள், அவர்களுக்கு யாராவது கூட்டியிருந்தால்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்