கேள்வி – பதில்: கட்டம் போட்ட தரையில் ஆராதனை

கேள்வி: வெளிநாட்டில் ஃப்ரீமேசன் மண்டபங்கள் சர்ச்சாக மாறுகின்றனவாமே? (வாசகர், மணியாச்சி)

பதில்: ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தில் ஆள் குறையும், கட்டடம் விலைக்கு வரும், இடம் தேடி அலையும் சபை வாங்கிவிடும். நியூயார்க் புரூக்ளினில் உள்ள பிரம்மாண்டமான மேசன் மண்டபத்தை 1970-களில் பாப்டிஸ்டுகள் வாங்கினார்கள்.

கேள்வி: நம்ம ஊரில்? (கடம்பூர்)

பதில்: இங்கே போலீஸ் முந்திக்கொண்டது! சென்னைக் கடற்கரையில் இருக்கிற டி.ஜி.பி. அலுவலகம் 1839-ல் மேசன்கள் கட்டியது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் குடிவந்தது; 1874-ல் 20,000 ரூபாய்க்கு அரசாங்கம் வாங்கியேவிட்டது. குடியிருக்க வந்தவர் வீட்டையே வளைத்துவிட்டார் என்று புகார் கொடுப்பதானாலும் அங்கேதான் போகணும். 1990-களில் இடிக்கப் பார்த்தார்கள். பாரம்பரிய ஆர்வலர்கள் விடவில்லை.

கேள்வி: மேசன் மண்டபத்தை இடிக்காமல் சர்ச்சாக்க முடியுமா? (கோவில்பட்டி)

பதில்: தாராளமாக. மேசன் மண்டபத்துக்கு மூலமே பைபிள்தானே! எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தை மனசில் வைத்து அமைப்பது. யாகீன், போவாஸ் என்று இரண்டு தூண், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, அதன் மேல் ஒரு பீடம், பீடத்தில் வேதப் புத்தகம். இந்தியாவில் பைபிளோடு கீதையும் குர்ஆனும் சேர்ந்திருக்கும். தலைவர் கிழக்கே உட்காருவார். பழைய சர்ச்சுகளில் பீடம் இருப்பதும் அந்தத் திசையில்தான். ஆகவே பீடத்தைக் கிழக்கே தள்ளி, இருபக்கமும் எதிரெதிராகக் கிடக்கும் ஆசனங்களை அதைப் பார்க்கத் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஜன்னல். வெளியாள் எட்டிப்பார்க்கக் கூடாதென்று பல மண்டபங்களில் ஜன்னலே வைப்பதில்லை. கரிசல் பூமியில் சித்திரை மாதம் அப்படியொரு அறையில் பிரசங்கம் நீண்டால், நரகத்தைப் பற்றிப் போதகர் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: போப் தடை செய்த சங்கமாச்சே? (காமநாயக்கன்பட்டி)

பதில்: 1738-ல் பன்னிரண்டாம் கிளமெண்ட் போட்ட தடையை 1983-ல் வாடிகன் மறுபடி உறுதி செய்தது. தடை ஆளுக்கு, செங்கலுக்கு இல்லை.

கேள்வி: மணியாச்சிக்கும் ரகசியச் சங்கத்துக்கும் சம்பந்தம் உண்டா? (கயத்தாறு)

பதில்: ஏன் இல்லை? 1911 ஜூன் 17-ல் கலெக்டர் ஆஷை மணியாச்சி ஸ்டேஷனில் சுட்ட வாஞ்சிநாதன், பாரத மாதா சங்கத்துக்காரர். மேசன்களைப் போல அங்கேயும் சத்தியப் பிரமாணம் உண்டு. தூணும் கட்டத் தரையும்தான் கிடையாது. அதனால் சர்ச்சாக்கவும் எதுவும் மிஞ்சவில்லை. மாறியது ஸ்டேஷன் பெயர்ப் பலகை: வாஞ்சி மணியாச்சி.