பின்பனியும் தாச்சியும்: பின்வளவுக் குசினித் திறப்பு பற்றிய ஓர் ஆய்வு

ரொறன்ரோவின் கிழக்குப் புறத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் மர டெக், டெக்கின் மேல் காஸ் அடுப்பு, அடுப்பின் மேல் நீலத் தார்ப்பாய், தார்ப்பாயின் மேல் ஒரு கல், இந்த நான்கும் ஒருங்கே காணப்பட்டால் உள்ளே தமிழர் வாழ்கிறார்கள் என்று கொள்ளலாம். கல் இல்லையென்றால் வேறு யாராகவும் இருக்கலாம். அந்தக் கல் எப்போது அகற்றப்படுகிறது, யார் சொல்லி அகற்றப்படுகிறது, அகற்றிய பின் என்ன நேர்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களம் ஸ்காபரோவில் ஒரே ஒரு வீடு. மாதிரியளவு போதாது என்பவர்கள் அந்த வீட்டில் பதினேழு விண்டர் இருந்து பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

முதலில் சொல்லாராய்ச்சி. குசினி என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள், அலுமாரி, மேசை, கதிரை என்று வீட்டுக்குள் நிரப்பிய சொற்களோடு இதையும் விட்டுச் சென்றார்கள். மிளகாயும் அவர்கள் வழியாகத்தான் ஆசியாவுக்கு வந்தது. ஆக, நமக்குக் குசினியைத் தந்தவர்களே, நம்மைக் குசினியை விட்டு வெளியே ஓடவைக்கும் பொருளையும் தந்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

வெளிக்குசினி எதற்கு? அயலவர்களின் கருதுகோள், இயற்கையை ரசித்தபடி சமைப்பதற்கு என்பது. அவர்களளவில் அது சரி. அவர்கள் இறைச்சியை வாட்டுவார்கள், கையில் பியர் இருக்கும், நாய் பக்கத்தில் படுத்திருக்கும். நம்முடையதில் ரசிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது மணங்களை நாடு கடத்தும் இடம். கார்த்திகையில் அடைத்த யன்னல் சித்திரை வரை திறபடாத நாட்டில், ஒரு விளைமீனை உள்ளே பொரித்தால் அது மூன்று நாள் வீட்டில் தங்கும். வாசலுக்குப் பக்கத்தில் ஜக்கெட் மாட்டும் ஒரு சிறு அறை உண்டு. வீட்டு மணமெல்லாம் கடைசியில் போய் ஒதுங்குவது அங்கேதான். பஞ்சும் இறகும் அடைத்த ஜக்கெட், கருவாட்டை நினைவில் வைத்திருப்பதுபோல மனிதர்கூட வைத்திருப்பதில்லை. இந்த அறைதான் வெளிக்குசினியின் தாய். கட்டடக்கலை நூல்கள் இதைக் கவனிக்கத் தவறிவிட்டன.

இனிக் காலம். விண்டர் எப்போது முடியும் என்பதற்கு ஒன்ராறியோ மாகாணத்தில் ஓர் அதிகாரி இருக்கிறார். வயார்ட்டன் ஊரில் வில்லி என்று பேர் சூட்டிய ஒரு நிலப்பன்றி. 1956 முதல் நடந்துவரும் விழாவில், பெப்ரவரி 2ஆம் திகதி அது தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு கிழமை குளிர். இந்த முறையியலை நாம் ஏற்பதற்கில்லை. தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர்கள் பின்பனிக்கு மாசியும் பங்குனியும், இளவேனிலுக்குச் சித்திரையும் வைகாசியும் என்று வகுத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரை மத்தியானம் முற்றத்தில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர் எவரும் அதை இளவேனில் என்று சொல்லமாட்டார். ஸ்காபரோவிலோ கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது: பங்குனி முடியப் பனி உருகும், சித்திரையில் துளிர் விடும், வைகாசியில் பூக்கும். உரையாசிரியர்கள் கனடா வந்து போனார்களா என்ற கேள்வியை இங்கே எழுப்பி வைக்கிறேன், விடை தேடுவது இக்கட்டுரையின் வேலை அல்ல. ஒரேயொரு எதிர்ச்சான்று உண்டு. 2018 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புதுவருசத்தன்று, ரொறன்ரோவில் உறைமழை கொட்டியது. கோயிலுக்குப் போனவர்கள் சறுக்கிச் சறுக்கிப் போனார்கள்.

ஆனால் பதினேழு ஆண்டுக் கள ஆய்வு காட்டியது வேறு. குசினி திறபடும் நாளை நிர்ணயிப்பது நிலப்பன்றியுமல்ல, உரையாசிரியருமல்ல, கறித்தூள் போத்தலின் அடி. சென்ற பங்குனியில் பதிவான உரையாடல்:

"இஞ்சருங்கோ, தூள் முடியப்போகுது."

"டெக்கில இன்னும் ஸ்னோ கிடக்குது."

"கிடந்தா என்ன, அதையா கறிக்குள்ள போடப்போறன்?"

அன்று பின்னேரமே கல் அகற்றப்பட்டது.

தார்ப்பாயைத் தூக்கியதும் முதலில் கண்டது கருவாட்டுச் சட்டி. நேர் பாதியாக, கத்தியால் வெட்டியதுபோலப் பிளந்து கிடந்தது. மண்சட்டி நீரை உறிஞ்சும், நீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருக்கும், சட்டிக்கு விரிய இடமில்லை. விஞ்ஞானம் இவ்வளவுதான். விண்டர் தொடங்கமுன் அதை உள்ளே எடுத்து வையுங்கள் என்று யார் யாருக்குச் சொன்னார் என்பது விஞ்ஞானத்துக்கு வெளியே உள்ளது, விவரிக்கவில்லை. இரும்புத் தாச்சியில் கறள் பிடித்திருந்தது. அது பெரிய காரியமல்ல. உப்பும் தேங்காய்த்தும்பும் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி, புகை வரக் காய்ச்சினால் எண்ணெய் இறுகிக் கறுப்புத் தோலாகப் படியும்.

அடுப்புத்தான் ஆழமான விடயம். பற்றவைத்தால் சுவாலை நீலமாக வரவேண்டும். வந்தது மஞ்சள், அதுவும் சோம்பலாக, கோயில் தீவட்டிபோல ஆடிக்கொண்டு. காரணம் அறிய இத்தாலிக்குப் போகவேண்டும். ஒடுங்கிய வழியால் பாயும் பொருளின் வேகம் கூடும், அமுக்கம் குறையும் என்று 1797இல் வெந்தூரி என்பவர் எழுதி வைத்தார். காஸ் அடுப்பின் குழாய் அந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது: சிறு துளையால் சீறிவரும் காஸ், பக்கத்து வாயால் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் கலந்தால் நீலம். அந்த வாயில் யாராவது வலை கட்டியிருந்தால் மஞ்சள், கூடவே தாச்சி அடியில் கரி. சிலவேளை நெருப்பு பின்பக்கமாகத் திரும்பியும் வரும், அதில் பகிடி இல்லை.

வலை கட்டியவர் சிலந்தி. இதை அற்ப விடயம் என்று நினைக்கவேண்டாம். 2011இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 65,000 கார்களைத் திருப்பி அழைத்தது, எரிபொருள் தாங்கியின் காற்றுக்குழாய்க்குள் ஒருவகை மஞ்சள் சிலந்தி குடியிருந்ததால். பெற்றோல் மணம் அதற்குப் பிடிக்குமாம். குழாயைக் கழற்றி, சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டேன். சாம்பல் நிறப் பஞ்சுபோல ஒன்று சுருண்டு வந்தது, நடுவில் முத்துமுத்தாக முட்டைகள். விண்டர் முழுக்க நம் வீட்டில் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து சவர்க்கார நுரைப் பரிசோதனை. ரியூப்பிலும் இணைப்பிலும் நுரையைத் தடவிச் சிலிண்டரைத் திறந்தால், கசிவு இருக்குமிடத்தில் குமிழி எழும். எழவில்லை. புறொப்பேனுக்கு இயல்பில் மணமே கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்றுதான் நாற்றம் சேர்க்கிறார்கள். மணமில்லாததற்குச் செலவழித்து நாற்றம் ஏற்றும் நாட்டில், மணமுள்ளதை நாம் ஒளித்துச் சமைக்கிறோம். சிலிண்டரின் கழுத்தில் பொறித்த திகதியையும் பார்த்தேன். கனடாவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை மீள்பரிசோதனை கட்டாயம். இன்னும் நான்கு வருடம் இருந்தது. எல்லாவற்றையும் சரிபார்த்தேன் என்று குறிப்பேட்டில் எழுதினேன். சிலர் குளிருக்குப் பயந்து கராஜுக்குள் அடுப்பை மூட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், காபன் மோனொக்சைட்டு இருமக்கூட அவகாசம் தராது.

தூள் வறுக்கும் பரிசோதனை நாள் சனிக்கிழமை. வெப்பநிலை 4 பாகை. காற்று மேற்கிலிருந்து, அதாவது கிழக்கு வேலிக்கு அப்பால் இருப்பவருக்கு. அவருடைய பூர்வீகம் போர்த்துக்கல் என்பது ஆய்வுக்கு வாய்த்த பேறு. மனைவி நைற்றிக்கு மேல் ஜக்கெட், அதன் மேல் ஏப்ரன், தலையில் கம்பளித் தொப்பியோடு அகப்பையை எடுத்தார். மல்லி வறுபட்டு இறங்கியது. சீரகம், பெருஞ்சீரகம், மிளகு இறங்கின. செத்தல் மிளகாய் விழுந்தது. இரண்டாம் நிமிடத்தில் வேலிக்கு அப்பால் முதல் இருமல் கேட்டது. நானூறு ஆண்டுக் கணக்கு ஒன்று தீர்ந்ததாகக் குறித்துக்கொண்டேன்.

செத்தல் பாதி நிறம் மாறியபோது சுவாலை தாழ்ந்தது. பிறகு பொட்டென்று அணைந்தது.

"குளிருக்குக் காஸ் இறுகிப்போச்சோ தெரியேல்லை," என்றேன். புறொப்பேன் −42 பாகையிலேயே ஆவியாகிவிடும் என்பதை அறிந்துகொண்டே சொன்னேன். மனைவி குனிந்து சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கினார். தூக்க வந்தது.

"ஐப்பசியில மீன் பொரிச்சதோட முடிஞ்சிருக்கு. எல்லாம் பார்த்தனீங்கள், இதைப் பார்க்கேல்லையா?"

பாதியில் விட்ட செத்தல் பதம் போய்விடும். தாச்சி வீட்டுக்குள் போனது. மூன்று நிமிடத்தில் புகை எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது, நான் கதிரையில் ஏறித் துவாயால் விசிறினேன். மகள் மேல்மாடியில் இருந்து இருமிக்கொண்டே ஏதோ ஆங்கிலத்தில் கேட்டாள். தூள் நன்றாக வந்தது, அதை மறைக்கக்கூடாது.

திங்கட்கிழமை காலை மகன் ஜக்கெட் அறையைத் திறந்தான், மூடினான், வெறும் சேட்டோடு பள்ளிக்கூடம் போனான். வெளியே 2 பாகை.